பீப்பாய்க்குள் புளிக்காதவை

இலத்தூரில் மாடு கட்டியிருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், கோழிப்பண்ணை போட்டிருக்கும் தம்பிமாருக்கும்,

இந்த வருஷம் சாரல் நன்றாக விழுகிறது என்று மைனி போனில் சொன்னார்கள். குற்றாலத்தில் கூட்டம், நம் குளத்துக்கு மேலே மேகம், தொழுவில் ஈ. எல்லாம் வழக்கம்தான். போனை வைக்கப் போகும்போதுதான் அந்தச் சேதியைச் சொன்னார்கள். "தம்பி, மாட்டுக்குக் கோழிப் பீயை ஊறப்போட்டுக் கொடுக்கப் போறாங்களாம். இது எங்கேயாவது உண்டுமா?"

விசாரித்ததில் விவரம் தெரிந்தது. தீவன மூட்டை விலை கட்டுப்படியாகாமல் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நீல டிரம் வாங்கியிருக்கிறீர்கள். கறிக்கோழிப் பண்ணையில் ஒரு பேட்ச் ஏற்றிவிட்டபின் அள்ளும் கழிவோடு மக்காச்சோளக் குருணையைக் கலந்து, வெல்லத் தண்ணீர் தெளித்து, அமுக்கி மூடி, மூன்று வாரம் ஊறவைப்பதாக ஏற்பாடு. மதுநாதர் கோயில் இருக்கிற ஊரில் 'ஊறல் டிரம்' என்று வெளியாள் காதில் விழுந்தால் போலீஸ்தான் வரும். அது கிடக்கட்டும்.

நான் சிரிக்கவில்லை. மூக்கையும் பிடிக்கவில்லை. கால்நடைத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊசிப்பெட்டியோடு அலைந்தவன். முதலில் சைக்கிள், பிறகு டிவிஎஸ். உங்களில் பாதிப் பேர் தொழுவில் நான் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். மைனி கேட்ட கேள்விக்குப் பதில்: உண்டு. உலகத்தில் உண்டு, அதுவும் பெரிய ஆட்கள் செய்து பார்த்தது. அதையும் சொல்கிறேன், அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன்.

கோழி தனியாக மூத்திரம் போகாது. அதன் எச்சத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் மூத்திரத்தின் பங்கு, யூரிக் அமிலம். அதில் நிறைய நைட்ரஜன் உண்டு. நமக்கும் பன்றிக்கும் அது ஒரு பிரயோசனமும் இல்லாத சாமான். மாட்டுக்கு அப்படியில்லை. அதன் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நைட்ரஜன் எந்த ரூபத்தில் வந்தாலும் அவை தின்று பெருகும். பெருகினதை மாடு செரித்துப் புரதமாக எடுத்துக்கொள்ளும். கறிக்கோழிக் கழிவைக் காயவைத்து ஆய்வகத்தில் பார்த்தால் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு புரதக் கணக்கு வரும். நம் வைக்கோலில் மூன்று நான்குதான் தேறும். அதனால் இந்த யோசனை வந்தவன் முட்டாள் இல்லை.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் பிராடி ஆந்தனி என்ற விஞ்ஞானி 1960-களில் இதையே மாட்டுச் சாணத்தில் செய்தார். 57 பங்கு பச்சைச் சாணம், 43 பங்கு அரைத்த உலர்புல். இரண்டையும் கலந்து காற்றுப் புகாமல் ஊறவைத்து, தானியத்தோடு சேர்த்து மாட்டுக்கே திரும்பப் போட்டார். மாடு தின்றது, எடையும் கூடியது. அவர் அதற்கு 'வேஸ்ட்லேஜ்' என்று பெயர் வைத்தார். கழிவு பாதி, சைலேஜ் பாதி. பிறகு கோழிக்கழிவையும் மக்காச்சோளப் பயிரையும் சேர்த்து ஊறவைக்கும் ஆராய்ச்சி பல இடங்களில் நடந்தது. அங்கே தென்மாநிலங்களில் கோழிப்பண்ணையும் மாட்டுப்பண்ணையும் அடுத்தடுத்து இருப்பதால் கழிவு லாரி லாரியாகக் கறிமாட்டுத் தொட்டிக்குப் போனது.

நமக்கும் சாணத்தைப் புளிக்கவைப்பது புதிதில்லை. ஜீவாமிர்தம் போடும்போது 10 கிலோ சாணத்தில் 2 கிலோ பயறு மாவும் 2 கிலோ வெல்லமும் ஏன் கரைக்கிறோம்? சாணத்துக் கிருமிக்கு அதுதான் தீனி. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்திலும் சாணம், மூத்திரம், பால், தயிர், நெய் எல்லாம் ஒரே பானையில் ஒரு மாதம் கிடக்கின்றன. பயிருக்கு அடித்து மிஞ்சினதைக் கோழிக்கும் மாட்டுக்கும் கொஞ்சம் தண்ணியில் கலந்து காட்டுகிறவர்கள் உண்டு. ஒரு முட்டியில் கொஞ்சம் ஊற்றுவது வேறு, தீவனக் காடி நிறையக் கொட்டுவது வேறு என்பதை மட்டும் இந்த இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, டிரம்முக்குள் என்ன நடக்கிறது? இட்லி மாவு புளிக்கிற கதைதான். காற்று இல்லாத இடத்தில் புளிப்புக் கிருமிகள் இனிப்பைத் தின்று புளிப்பை உண்டாக்குகின்றன. புளிப்பு ஏற ஏற அழுகல் கிருமிகள் சாகும். கழிவில் இனிப்புக் கிடையாது. அதனால்தான் குருணையும் வெல்லமும். ஈரம் பாதிக்குப் பாதி இருந்து, நன்றாக அமுக்கி, ஒரு ஈர்க்கு நுழையும் இடைவெளிகூட இல்லாமல் மூடினால், மூன்று வாரத்தில் நாற்றம் போய்ப் புளிச்ச வாசனை வரும். சால்மொனெல்லா போன்ற கழிச்சல் கிருமிகள் பெரும்பாலும் ஒழிந்துவிடும். பறவைக் காய்ச்சல் கிருமிகூட அந்தப் புளிப்பில் பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. கிருமிகளைப் பொறுத்தவரை உங்கள் டிரம் நல்ல வேலைக்காரன் என்று நானே கையெழுத்துப் போடுவேன்.

என் பயம் கிருமியைப் பற்றியது இல்லை. புளிக்கவே புளிக்காத நாலைந்து சாமான்கள் அந்தக் கழிவில் இருக்கின்றன.

முதலாவது மருந்து. தம்பிமாரே, உங்களுக்குத் தெரியாதது இல்லை. குஞ்சு இறக்கின நாளிலிருந்து ரத்தக்கழிச்சல் வராமலிருக்கத் தீவனத்திலேயே மருந்து கலந்துதான் மூட்டை வருகிறது. சாலினோமைசின், மடுராமைசின் என்று மூட்டைச் சீட்டில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். கோழிக்கு அது காவல். மாட்டுக்கு அளவு மீறினால் இதயத் தசையைக் கெடுக்கும். மடுராமைசின் இருந்த கோழிக்கழிவைத் தின்று இஸ்ரேலிலும் தென்னாப்பிரிக்காவிலும் மாடுகள் செத்திருக்கின்றன. குதிரைக்கு இந்த வகை மருந்துகளில் சில துளி அளவே எமன். கோழி தின்றதில் ஒரு பங்கு எச்சத்தில் வந்துவிடும், தொட்டியிலிருந்து சிந்தின தீவனமும் கழிவிலேயே கிடக்கும். மூன்று வாரப் புளிப்பு அதை ஒன்றும் செய்யாது.

கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டது. மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கையில் எடுக்கிற மருந்து அது. கோழிக்குத் தடை என்று போட்டுவிட்டு, கோழி எச்சத்தின் வழியாக மற்ற மருந்துகளை மாட்டுக்கும், மாட்டிலிருந்து பிள்ளைகள் குடிக்கிற பாலுக்கும் நாமே வழிவெட்டிக் கொடுக்க வேண்டுமா? பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்என்எஃப்பும் பார்ப்பார்கள். நம் கேனில் என்ன மருந்து மிதக்கிறது என்று தினமும் பார்க்க அங்கே ஏது வசதி?

இரண்டாவது செம்பு. கோழித் தீவனத்தில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது அப்படியே எச்சத்தில் இறங்கும். மாடு ஓரளவு தாங்கும். செம்மறி தாங்காது. மாசக்கணக்கில் ஈரலில் சேர்த்துவைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோலத் திரியும். ஒருநாள் திடீரென்று கண் மஞ்சளாகும், மூத்திரம் சிவப்பாகப் போகும், ஆடு படுத்துவிடும். நான் சொல்லுவது மாட்டுக்காரர்களிடம்தானே, செம்மறி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். காடியில் மாடு மிச்சம் வைத்ததை யார் தின்கிறது என்று உங்கள் தொழுவில் போய்ப் பாருங்கள்.

மூன்றாவதைச் சொல்ல எனக்கே சங்கடம். ஆயிரக்கணக்கில் கோழி வளரும் கொட்டகையில் தினமும் ஒன்றிரண்டு சாகும். எல்லாவற்றையும் பொறுக்கிக் குழியில் போடுகிறோம் என்பீர்கள். மூலையில் கிடந்து, மேலே கழிவு மூடி, கண்ணில் படாமல் போன ஒன்று போதும். அந்தப் பிணத்துக்குள் ஒருவகைக் கிருமி காற்றில்லாமல் வளர்ந்து விஷம் கக்கும். பாட்டுலிசம் என்று பெயர். அந்தக் கழிவை எடுத்து நல்ல கழிவோடு கலந்தால் ஒரு கோழியின் விஷம் முழு டிரம்முக்கும் பரவும். தின்ற மாட்டுக்குக் காய்ச்சல் வராது, கழிச்சல் வராது. பின்னங்கால் தள்ளாடும். நாக்கை இழுத்தால் உள்ளே இழுத்துக்கொள்ள மாட்டாது. தண்ணி காட்டினால் விழுங்கத் தெரியாமல் வாயிலிருந்து வழியும். படுத்தது எழாது. ஒன்றில்லை, தொழு மொத்தமும். இங்கிலாந்திலும் பிரேசிலிலும் இஸ்ரேலிலும் கோழிக்கழிவால் இப்படி மந்தைகள் போயிருக்கின்றன. அந்த நோய் கண்டபின் எந்த ஊசிப்பெட்டியிலும் மருந்து கிடையாது. என் பெட்டியிலும் இருந்ததில்லை.

நாலாவது கொஞ்சம் சுற்றி வருகிற விஷயம். 1986-ல் இங்கிலாந்தில் மாட்டுக்குப் பைத்தியம் பிடிக்கிற நோயைக் கண்டுபிடித்தார்கள். செத்த மாட்டின் எலும்பையும் இறைச்சியையும் தூளாக்கி மாட்டுக்கே போட்டதில் பரவியது. 1988-ல் அந்தத் தீவனத்தைத் தடைசெய்தார்கள். அது மனிதனுக்கும் வரலாம் என்று 1996 மார்ச்சில் அந்த அரசாங்கமே ஒத்துக்கொண்டது. 40 லட்சத்துக்கு மேல் மாடுகளைக் கொன்றார்கள். இதற்கும் கோழிக்கழிவுக்கும் என்ன சம்பந்தம்? கோழித் தீவனத்தில் இறைச்சி-எலும்புத் தூள் சேர்க்கலாம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் அப்படித்தான். பால் மாட்டுக்கும் கறி மாட்டுக்கும் மாடு, பன்றியின் இறைச்சித் தூள், எலும்புத் தூள் கலந்த தீவனம் கூடாது, கோழிக்கும் பன்றிக்கும் மீனுக்கும் அந்தத் தடை இல்லை. இப்போது சிந்தின கோழித் தீவனத்தோடு கழிவை அள்ளி மாட்டுக்குப் போட்டால், வாசலில் தடுத்ததைக் கொல்லைப்புறம் வழியாகக் கூட்டிவந்த கதை. அமெரிக்காவிலும் இதே காரணத்தைச் சொல்லித்தான் 2004 ஜனவரியில் மாட்டுத் தீவனத்தில் கோழிக்கழிவைத் தடைசெய்யப் போவதாக அறிவித்தார்கள். பிறகு அந்தத் தடையைக் கைவிட்டு, மாட்டு மூளையையும் தண்டுவடத்தையும் தீவனத்திலிருந்து விலக்குவதோடு நின்றார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அப்படி இழுபறி செய்யவில்லை. சாணம், மூத்திரம், குடலில் இருப்பது, எப்படிப் பக்குவம் செய்தாலும் எதோடு கலந்தாலும் எந்தக் கால்நடைக்கும் தீவனம் ஆகாது என்று சட்டமே எழுதிவிட்டது.

2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததும் கோழிக்கழிவு பற்றிய பேச்சு மறுபடி எழுந்தது. மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவினது பெரும்பாலும் கறவை வழியாகத்தான் என்று பிறகு தெரிந்தது. இருந்தாலும் ஆலப்புழைப் பக்கம் கோழிக்கோ வாத்துக்கோ காய்ச்சல் என்றால் புளியரைச் சோதனைச்சாவடியில் நம் துறை ஆட்கள் மருந்துத் தெளிப்பானோடு நிற்பதை 2021-லும் 2024-லும் பார்த்தவர்கள் நீங்கள். டிரம்முக்குள் போன கிருமி சாகும் என்று மேலே சொன்னேன். டிரம்முக்குள் போகும் முன்னால் அந்தக் கழிவை வெறுங்கையால் அள்ளிக் கலக்கப் போவது யார்?

இனி உள்ளூர் விஷயத்துக்கு வருகிறேன். ஆந்தனி வைத்த கணக்கெல்லாம் அந்த ஊர் மாட்டுச் சாணத்துக்கு. நம் பக்கம் கோழிக் கொட்டகையில் பரப்புவது தென்னைநார்க் கழிவு, இல்லாவிட்டால் உமி. நார்க்கழிவு ஆறு மாதம் மண்ணில் கிடந்தாலும் மக்காது. மாட்டு வயிற்றில் இரண்டு நாளில் என்ன ஆகிவிடும்? உமியில் ஐந்தில் ஒரு பங்கு மணல் மாதிரி. ஆக நீங்கள் அள்ளுகிற ஒவ்வொரு கூடையிலும் ஒரு பெரும் பங்கு மாட்டுக்கு வெறும் வயிற்றுப் பாரம். மீதியில் உள்ள சக்தி நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட குருணையிலிருந்து வந்தது. குருணை கையில் இருந்தால் அதைத் தனியாகவே போடலாமே. அதிலும் அளவு முக்கியம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை மாடு வயிறு உப்பி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாசத்தில் ஒரு பானைப் பொங்கலையும் ஊட்டிவிடுவோம், வயிறு புளித்து மாடு சுருண்டுவிடும். சோடா உப்புக் கரைத்து ஊற்றியே என் தைப் பொங்கல்கள் பல கழிந்தன.

நைட்ரஜன்தான் வேண்டும் என்றால் ஒரு கணக்குப் போடுவோம். காய்ந்த கோழிக்கழிவு ஒரு கிலோவில் 25 சதவீதம் புரதம் என்றே தாராளமாக வைத்துக்கொண்டாலும், அதில் நைட்ரஜன் 40 கிராம். யூரியா ஒரு கிலோவில் 460 கிராம். அதாவது பதினொன்றரைக் கிலோ கழிவில் இருப்பது ஒரு கிலோ யூரியாவில் இருக்கிறது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, கிலோ ஆறு ரூபாய்க்கும் கீழே. கழிவில் கொஞ்சம் உண்மையான புரதமும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்குப் பக்கம் யூரியா மாதிரி வெறும் நைட்ரஜன்தான். செம்பையும் மருந்தையும் கூடவே சுமந்து வருகிற யூரியா.

யூரியாவை அப்படியே மாட்டுக்குக் கொடுத்தால் மாடு செத்துவிடும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வைக்கோலுக்கு ஒரு பக்குவம் உண்டு. பழைய பயிற்சி வகுப்புகளில் பல தடவை சொல்லி, நீங்களும் பல தடவை தலையாட்டி, அதோடு மறந்துபோனதுதான். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள். பிரித்ததும் கண்ணைக் கரிக்கும் அமோனியா வரும். ஒரு மணிநேரம் ஆறவிட்டபின் கொடுக்க வேண்டும். முதல் வாரம் சாதா வைக்கோலோடு கலந்து பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் காட்டவே கூடாது. மூன்று நாலு சதவீதமாக இருந்த புரதம் ஏழு எட்டுக்குப் போகும், மாடும் கூடுதலாகத் தின்னும். பிசான நெல்லை அறுத்துப் படப்புப் போட்டதும் செய்ய வேண்டிய வேலை. அந்த வைக்கோலைத்தான் நாம் மலையாளத்து லாரிக்கு ஏற்றிவிட்டுக் காசை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

டிரம் வாங்கிவிட்டோமே என்ற ஆதங்கம் புரிகிறது. டிரம் வீணில்லை. மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்து மாவு கட்டுகிற பருவத்தில் தட்டையோடு அறுங்கள். அரை நாள் வாடவிட்டு, விரல்கடை அளவுக்கு வெட்டி, அமுக்கி, மூடி, 45 நாள் விட்டால் சைலேஜ். ஊறுகாய்ப்புல் என்று நம் துறைக்காரர்கள் வைத்த பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஊரில் யாரும் அப்படிச் சொல்லாவிட்டாலும். இதில் தானியம் கதிரோடு வந்துவிடுகிறது, இனிப்புத் தண்டிலேயே இருக்கிறது, வெல்லம்கூட வேண்டாம். 200 லிட்டர் டிரம்மில் நன்றாக மிதித்தால் 100 கிலோவுக்குக் குறையாமல் பிடிக்கும். ஒரு மாட்டுக்கு ஒரு வாரத் தீனி.

ஆனால் சாரலில் செய்யாதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லாம் தெரியும் என்ற திமிரில், ஆனி மாதக் கடைசியில் எங்கள் வீட்டுப் புறவாசலில் குழி வெட்டிச் சோளத்தட்டையைப் போட்டு மூடினேன். தார்ப்பாயில் எலி கடித்த ஓட்டை. சாரல் நமக்குத் தெரியாமலே இறங்குகிற மழை அல்லவா, பாடாய்ப் படுத்திவிட்டது. பிரித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். அதை மட்டும் எடுத்து வீசிவிட்டால் உள்ளே நல்லது என்று எங்கள் அம்மாவுக்கு உபதேசம் செய்தேன். எங்கள் எருமை முதல் நாள் தின்றது. பிறகு பத்து நாள் காடியை மோந்துகூடப் பார்க்கவில்லை, பால் பாதிக்கு இறங்கியது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கழுநீரில் தவிட்டைக் கலந்து, கூடவே நின்று, நெற்றியைத் தடவித் தடவிக் குடிக்கவைத்தார்கள்.

அந்தப் பூசணத்தின் கதை பாலில் முடிகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. தண்ணீர் கலப்பு, மாவுக் கலப்பு என்று நாம் பயப்பட்ட விஷயம் பெரிதாக இல்லை. பூசண விஷமான அஃப்ளடாக்சின் எம்-1 தான் 368 மாதிரிகளில் அளவு மீறியிருந்தது. மாநில வாரியாகப் பார்த்தால் முதலிடம் நமக்கு, 551-ல் 88. தில்லியும் கேரளமும் நமக்குப் பின்னால். இந்த விஷம் யாரும் கேனில் ஊற்றினதில்லை. பூசணம் பிடித்த பிண்ணாக்கும் சோளமும் மாட்டு வயிறு வழியாக வந்து சேர்ந்தது. ஈரக் கழிவும் சோளக் குருணையும் சேர்ந்த டிரம், மூடி சரியாக உட்காராமல், இந்தச் சாரல் காற்றில் ஒரு மாதம் நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஆந்தனிக்கு ஆய்வகம் இருந்தது. நமக்கு இருப்பது மைனியின் மூக்கு மட்டும்.

அப்படியானால் கோழிக்கழிவை என்ன செய்வது? தம்பிமாரே, அதற்கு மண் இருக்கிறது. பச்சையாகப் போட்டால் வேர் கருகும், அதனால் குவித்து, ஈரம் தெளித்து, இரண்டு மூன்று தடவை புரட்டி ஆறப்போட்டுவிட்டு, கம்பு நேப்பியர் பாத்திக்கு அடியுரமாகக் கொட்டுங்கள். முதல் அறுப்புக்குப் பிறகு 45 நாளுக்கு ஒரு தடவை புல் அறுக்கலாம். கோழியின் நைட்ரஜன் மாட்டுக்கே வந்துசேரும், நடுவில் மண்ணும் வேரும் சல்லடையாக நிற்கும். கிடை போடுகிற கீதாரிக்கு நெல்லும் காசும் கொடுத்து ஆட்டை வயலில் அடைக்கச் சொல்கிற நாம் இந்த வழியை மறந்திருக்க நியாயமில்லை.

மாட்டுச் சாணத்தைத் தீனியாக்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு நம் பாட்டிமார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், உலர்ந்த ஓலை, மட்டை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடுகிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான். வீட்டுக் கோழிக் குஞ்சுக்கு அதைவிடப் புரதம் எந்த மூட்டையிலும் வராது. எருக்குழியைக் கிளறித் திரிகிற கோழியும் சாணத்துச் சோளத்தையும் புழுவையும் பொறுக்கி இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

பண்ணைத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கழிவு கேட்டு வருகிறவர்கள் வயலுக்கா காடிக்கா என்று கேளுங்கள். காடிக்கு என்றால் கொடுக்காதீர்கள், சொந்த மாமனே ஆனாலும் சரி. அந்தப் பேட்சுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதைப் பண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். செத்த கோழிக் குழியில் சுண்ணாம்பு தூவி மூடுங்கள், நாய் தோண்டி இழுத்துக்கொண்டு போய்த் தொழு ஓரத்தில் போட்டுவிடாமல்.

அக்காமாருக்கு: தண்ணி காட்டுவது, கூளம் அள்ளிப் போடுவது, கறப்பது எல்லாம் நீங்கள். டிரம் வாங்கும் கூட்டத்துக்கு உங்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடாமலே போய் உட்காருங்கள். ஏற்கனவே யாராவது ஊறப்போட்டிருந்தால் அதை மாட்டுக்குக் காட்டவேண்டாம், உரக்குழியில் தட்டிவிடச் சொல்லுங்கள். குருணைக் காசு போனது போனதுதான். தின்று பார்த்த மாடு ஏதாவது இருந்து, பின்னங்கால் தள்ளாடினாலோ தண்ணி விழுங்கத் திணறினாலோ வாய் வழியாக எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். மீதித் தீனியை ஒரு பையில் கட்டி வைத்துக்கொண்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். தயவுசெய்து இந்த ஒரு தடவை, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "ஒண்ணும் கொடுக்கல சார், வழக்கமான தீனிதான்" என்ற பதிலை என் சர்வீஸில் கேட்காத வாரமில்லை.

சாரல் ஓய்ந்து ஆவணியில் ஊருக்கு வருகிறேன். மக்காச்சோளம் யார் வயலில் அப்போது மாவு கட்டியிருக்கும் என்று இப்போதே பார்த்து வையுங்கள். டிரம்களைக் கழுவி, சோடா உப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். விற்றுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஊசிப்பெட்டிக்காரன்